வெளியே நீட்டிக்கொண்டிருந்த அறை

என் கணவருக்குச் சிங்காநல்லூரில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், ஏழாம் மாதத்திலேயே பிறந்த எங்கள் குழந்தை ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனது. அதற்குப் பிறகு அவர் பட்டறையில் ஒரு வீடு கட்ட ஆரம்பித்தார். சக்கரம் வைத்த வீடு. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற ட்ரெய்லர். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்திருக்கிறார். அதில் கட்டில் போட்ட சின்ன அறை ஒன்று, மேசை இழுப்பறை மாதிரி இடது பக்கவாட்டில் வெளியே வரும். வண்டியை நிறுத்திவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் மூன்றடி நீளும். கிளம்பும்போது திருப்பிச் சுற்றி உள்ளே தள்ளிப் பூட்ட வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். அவர் சாப்பிடும்போதெல்லாம் தகரம், அச்சு, தண்டவாளம் என்று பேசிக்கொண்டே இருப்பார். மஞ்சள் பெயிண்ட் அடிப்பதா நீலமா என்று ஒருநாள் கேட்டார். நான் 'ம்' என்றேன். நீலம் அடித்துவிட்டு வந்தார்.

வண்டி தயாரானதும் ஆழியாறு பக்கம் போய் ரெண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்றார். அவருக்குத் தெரிந்தவர் ஒருவரின் தென்னந்தோப்பு அங்கே இருந்தது. போகிற வழியெல்லாம் ஜனங்கள் நின்று பார்த்தார்கள், கை காட்டினார்கள். இவரும் ஜன்னல் வழியாகக் கையை வெளியே போட்டு ஆட்டிக்கொண்டே ஓட்டினார். பொள்ளாச்சியில் டீக்கடைக்காரர் உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு, சமையல் மேடைகூட இருக்குதுங்களே என்று வியந்துபோனார். தோப்பில் இருந்த நாட்களில் நான் அந்த நீட்டிய அறையிலேதான் படுத்திருந்தேன். இவர் ஸ்டவ்வில் முட்டை பொரித்துக் கொடுத்தார். சாப்பிட்டேன். ருசி ஞாபகமில்லை.

கிளம்புகிற அன்று காலை அவர் குனிந்து ஜீப்புக்குப் பின்னால் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார். அறையை உள்ளே தள்ளுவது என் வேலை என்று பேச்சு. நான் போய் ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே தள்ளியாச்சா என்று கேட்டது காதில் விழுந்தது. யாரோ எதையோ கேட்கிறார்கள் என்ற அளவுக்குத்தான் விழுந்தது. 'ம்' என்றேன். அவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜீப்பில் இடது பக்கக் கண்ணாடி கிடையாது. தோப்புக்கு இரும்புக் கேட் எதுவும் கிடையாது, வண்டித்தடம் அகலமானது. அதனால் ரோட்டுக்கு வந்து சேருகிற வரைக்கும் எதுவும் இடிக்கவில்லை.

எதிரே மொபெட்டில் வந்தவர் கையை ஆட்டினார். இவரும் ஆட்டினார். ஒரு பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கையை நீட்டி என்னவோ கத்தினார். எல்லோருக்கும் நம் வண்டியைப் பார்த்து ஆச்சரியம் என்று சொல்லி இவர் சிரித்தார். குழந்தை போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அப்புறம் எதிரே லோடு ஏற்றிய லாரி வந்தது. அதற்கு வழிவிட இடது பக்கம் ஒதுங்கினார். ரோட்டோரத்துப் புளியமரம் அந்த அறையைப் பிடித்துக்கொண்டது.

தகரம் கிழிகிற சத்தம் எனக்கு யார் வீட்டிலோ கேட்கிற மாதிரி இருந்தது. ஜீப் ஒரு பக்கமாக இழுபட்டு நின்றது. இறங்கிப் பார்த்தால், அறை முழுசாகப் பிய்ந்து மரத்தடியில் கிடந்தது. மெத்தை ரோட்டில். தலையணைகள், என் நைட்டி, ஸ்டவ், எல்லாம் வெயிலில் பரவிக் கிடந்தன. நான் நைட்டியை எடுத்து உதறி மடித்தேன். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது அதுதான் என்று தோன்றியது.

பக்கத்துச் சோளக்காட்டில் தண்ணி கட்டிக்கொண்டிருந்த ஒருவர் மண்வெட்டியோடு ஓடி வந்தார். பின்னாலேயே அவர் சம்சாரம். அந்தம்மா மூச்சு வாங்க என்னிடம் கேட்டார்.

"அம்மணி, உள்ள கொழந்தைக யாராச்சும் இருந்தாங்களா?"

என் கணவர்தான் சொன்னார்.

"இல்லீங்க. நாங்க ரெண்டு பேருதானுங்க."

நல்ல வேளை, அது போதும் என்று அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு என்னை நிழலில் உட்காரவைத்து மோர் கொண்டுவரப் போனார்.

இவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் தகரம் கீறிய காயம். ரோட்டில் கிடந்த மெத்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் கேட்டேன் கண்ணு. நீ 'ம்'ன்னு சொன்னே."

"நான் எல்லாத்துக்கும் அப்படித்தானுங்க சொல்லிட்டிருக்கறேன்."

"தெரியும்" என்றார். "தெரிஞ்சுதான் கேட்டுட்டே இருந்தேன்."

அந்த விவசாயி தார்ப்பாய் கொண்டுவந்தார். ரெண்டு ஆண்களுமாகச் சேர்ந்து ட்ரெய்லரில் விழுந்த ஓட்டையை மூடிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். பிய்ந்த தகரம் கிணத்து மோட்டார் ரூமுக்குக் கூரை போட ஆகுமா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். எடுத்துக்கச் சொல்லிவிட்டார் இவர். நான் மோர் குடித்தேன். உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

திரும்பும்போது கிணத்துக்கடவு தாண்டி ஓரங்கட்டி நிறுத்தினார். என்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். ஆஸ்பத்திரியில் அவர் அழவில்லை. வண்டிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. எனக்கு அழுகை வரவில்லை. அவர் முதுகில் கையை வைத்தேன். சட்டை வேர்த்து நனைந்திருந்தது, உள்ளே உடம்பு சூடாக இருந்தது. அவர் நிறுத்துகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.

ட்ரெய்லரைப் பட்டறைக்குப் பின்னால் விட்டோம். பட்டறை ஆட்கள் கூடி நின்று பார்த்தார்கள். கொஞ்ச நாள் கழித்து ஓட்டையைப் பலகை வைத்து அடைத்தார். வாட்ச்மேன் அதிலே பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். அப்படி இன்னொன்றை இவர் கட்டவில்லை. நான் லீவை முடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். முதல் நாள் ஆறாம் வகுப்பில் ஒரே சத்தம், எனக்குக் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. சத்தம் போடாதீங்க என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அவர்கள் கேட்கவில்லை. நான் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தேன்.