முனியாண்டி வளைவில் இழுத்த கை

மாயாண்டி தன் அண்ணன் சீனிக்கு முப்பது வெள்ளி கடன்பட்டிருந்தான். மலாயாவுக்கு ஜப்பான் சண்டை வருவதற்கு முன்னால் வாங்கியது. வெள்ளைக்கார ராசா தலை போட்ட நல்ல நோட்டு. பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிச் சேர்த்த காசை, வேட்டி முனையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தான் சீனி.

"ஈப்போவுல போய் சாமான் வாங்கி வேலையைக் கத்துக்கடா. மரத்தைச் சுரண்டுற பொழப்பு என்னோட போகட்டும்லா."

அந்த முப்பது வெள்ளியில் முளைத்தவன்தான் மாயாண்டி. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன்; கையெழுத்துப் போடச் சொன்னால் பெருவிரலைத் தேடுவான். ஆனால் கார் பட்டறை என்று ஒன்று வைத்து, வெள்ளைக்காரத் துரைமார் வண்டிகளையே வாசலில் காத்துக் கிடக்க வைத்தான். யார் தூக்கிவிட்டார்கள்? அண்ணனைத் தவிர ஒரு நாய் கிடையாது. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவான். சொல்லிவிட்டு, கேட்டவன் வாயைப் பிளக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவும் மாட்டான். கைவேலை உள்ளவன் அப்படித்தான் இருப்பான், இருக்கவும் வேண்டும்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். படம் காட்டுகிறோம் வாருங்கள் என்று தோட்டத்து ஆண்களைக் கூப்பிட்டு, முனியாண்டி கோயில் வளைவில் நிறுத்தியிருந்த லாரிகளில் ஏற்றிக்கொண்டு சயாமுக்கு ரயில் பாதை போடப் போய்விட்டான். ஏற்றப்பட்டவர்களில் சீனியும் ஒருவன். வருசம் ஒன்று ஓடியும் கடுதாசி இல்லை, சேதி இல்லை.

மாயாண்டி முப்பது வெள்ளியையும் சேர்த்துவிட்டான். வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டில் அல்ல. அதில் கட்டுக்கட்டாய்க் கொடுத்தாலும் நாலு முட்டை வாங்க முடியாது. ஒளித்து வைத்தவர்களிடம் தேடித் தேடி, பழைய ராசா நோட்டாகவே சேர்த்தான். ஆனால் அண்ணன் பெண்டாட்டி வீரம்மா வாங்க மறுத்துவிட்டாள். மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று, அவள் மகளுக்குக் கால் வீங்கிக் கிடந்தது. அப்படியும் மறுத்தாள்.

"கொடுத்தவரு இருக்காரு, தம்பி. அவரு கையில கொடுங்க."

திரும்பும் வழியெல்லாம் மாயாண்டிக்கு நெஞ்சில் கல் கிடந்தது. இந்த நிலைமையில்தான் பெத்தபெருமாள் செட்டியாரின் ஆஸ்டின் கார் பட்டறைக்கு வந்தது. ஜப்பான்காரனுக்குக் கிழங்கு சேர்த்துக் கொடுப்பதால் செட்டியாருக்கு மட்டும் வண்டியை விட்டு வைத்திருந்தார்கள். பெட்ரோல் கிடைக்காத காலம்; ஓடுவதற்குக் கரி அடுப்பைப் பின்னால் சுமந்துகொண்டு புகைந்தபடி வந்து நின்றது. ஓட்டி வந்த அர்ச்சுனன் இறங்கும்போதே வெளிறிப் போயிருந்தான்.

"அண்ணே, முனியாண்டி வளைவுல யாரோ ஸ்டேரிங்கப் பிடிச்சு இடது பக்கமா இழுக்கிறாங்க. அந்த ஒரு இடத்துல மட்டுந்தான்."

"யாரோன்னா யாருடா?"

அர்ச்சுனன் தயங்கினான். "கோவிச்சுக்காதீங்க. சீனியண்ணந்தான்னு தோட்டத்து லயத்துல வீட்டுக்கு வீடு பேசிக்கிறாங்க. வீரம்மா அக்கா தினமும் அங்க போய் எலையில கிழங்கு வைக்குது."

"வேற எவனாவது ஓட்டிப் பார்த்தானா?"

"சீன டவுக்கே, கடை முதலாளி ஒருத்தர் ஓட்டினாரு. அவரை ஒண்ணும் செய்யல. சீனியண்ணன் ஆள் பார்த்துத்தான் இழுக்கிறாரு. கொடுத்தது திரும்பி வராம ஆத்மா எங்கலா போகும்?"

மாயாண்டியின் வாயிலிருந்த பீடி கசந்தது. ஆனாலும் வாய் விடுமா? "பேயா இருந்தாலும் கழட்டி மாட்டாம விடமாட்டான் இந்த மாயாண்டி. ஏறு."

தானே ஓட்டிப் போனான். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆள் இல்லாத மரங்கள் வெட்டப்படாமல், பால் கோப்பைகளில் மழைநீரை ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாக நின்றன. பாதை முழுக்க வண்டி ஒழுங்காகத்தான் போனது. வளைவு வந்தது. ஆலமரத்தடி முனியாண்டி தெரிந்தார். அப்போதுதான், தன் இடது கைக்குள் இன்னொரு கை நுழைந்ததுபோல் ஸ்டேரிங் இடப்பக்கம் நழுவியது. வண்டி சாக்கடையை நோக்கிச் சாய்ந்தது. மாயாண்டி இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினான். மரத்தடியில் ஒரு வாழை இலை, அதில் வெந்த கிழங்கு. ஒரு எறும்புகூட மொய்க்கவில்லை.

"பார்த்தீங்களாண்ணே?" என்றான் அர்ச்சுனன்.

"அண்ணே..." என்றான் மாயாண்டி. அவன் கூப்பிட்டது வேறு ஆளை.

பிறகு வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் அர்ச்சுனனை ஓட்டச் சொன்னான். தான் பக்கத்தில் உட்கார்ந்து, பாதையைப் பார்க்காமல் ஓட்டுகிறவனையே பார்த்தான். வளைவு வந்தது. அர்ச்சுனனின் வலது கை தானாக எழுந்து நெற்றியைத் தொட்டது. வண்டி இடப்பக்கம் இழுத்தது.

"நிறுத்துடா! இப்ப என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலையேண்ணே!"

"சாமிக்குக் கையெடுத்தியா இல்லையா?"

"அது எடுக்காம எப்படிண்ணே போறது?"

முனியாண்டியைக் கண்டால் நம் ஆள் எவனுக்கும் கை தானாக எழும். எழுந்தது தெரியவும் தெரியாது. தானும் அப்படித்தான் எடுத்திருக்கிறோம் என்பது மாயாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. சீன டவுக்கே எடுத்திருக்கமாட்டார்.

அங்கேயே சேற்றில் பலகை போட்டு ஜாக்கியை முட்டுக்கொடுத்தான். முன் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தான், அசையவில்லை. பக்கவாட்டில் பிடித்து அசைத்தான். உள்ளே டொக், டொக் என்றது. அடியில் படுத்துக்கொண்டு, அர்ச்சுனனை ஸ்டேரிங்கை மெதுவாகத் திருப்பச் சொன்னான். மேலே ஸ்டேரிங் மூன்று விரல் அகலம் சுற்றிய பிறகுதான் கீழே சக்கரம் அசைந்தது. ஸ்டேரிங் கம்பியின் முனையில் கிண்ணத்துக்குள் உட்காரும் இரும்புக் குண்டு தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. அதை அழுத்திப் பிடிக்கும் சுருள்கம்பி ஒடிந்து கிடந்தது. இரண்டு கை பிடித்திருக்கும்வரை அந்த ஆட்டம் தெரியாது. பாதை இடப்பக்கம் சரிகிற இடத்தில் வலது கையை எடுத்தால், இடது கையின் கனமே வண்டியை இழுத்துவிடும்.

சாமான் வாங்கக் கடை ஏது அந்தக் காலத்தில்? சிலிம் ரிவர் ரோட்டோரம் வெள்ளைக்காரன் விட்டு ஓடிய வண்டிகள் எரிந்து துருப்பிடித்துக் கிடந்தன. அந்தப் பக்கம் போக எல்லாருக்கும் பயம். மாயாண்டி போனான். அதே சாதி வண்டி ஒன்றின் அடியில் படுத்து, உள்ளே எலும்பாய் உட்கார்ந்திருந்தவனிடம் "மன்னிச்சுக்கப்பா" என்று சொல்லிவிட்டுக் குண்டையும் சுருளையும் கழற்றி வந்தான். செய்கிறவன் செய்வான், பேசுகிறவன் பேசிக்கொண்டிருப்பான்.

மாட்டி முடித்து மறுபடி வளைவுக்கு ஓட்டி வந்தபோது வீரம்மா மரத்தடியில் இலை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கவே மாயாண்டி வேண்டுமென்று வலது கையைத் தூக்கினான். வண்டி கோடு போட்டதுபோல் நேராகப் போனது. நியாயமாக அவனுக்கு மார் தட்டத் தோன்றியிருக்க வேண்டும். 'ஒரே ஒரு தடவை இழுண்ணே' என்றுதான் மனசு கெஞ்சியது. இடது கைக்குள் யாருமில்லை.

இறங்கிப்போய்த் தேய்ந்த குண்டை அவளிடம் காட்டினான்.

"இதுதான் மதினி இழுத்தது. வேற ஒண்ணுமில்ல. இனிமே இழுக்காது."

வீரம்மா அதைத் தொடவில்லை. வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவரு இங்கயும் இல்லையா, தம்பி?"

பேயை விரட்டிவிட்டு வந்த மாயாண்டிக்கு, அவளிடம் மிச்சமிருந்த புருசனையும் கழற்றி எடுத்துவிட்டோம் என்று அப்போதுதான் புரிந்தது.

"வண்டி இழுக்குதுன்னு சொன்னப்ப, செத்தாலும் வீட்டுக்கு வந்துட்டாரேன்னு இருந்துச்சு. என்னமோ வேணும்னு கேக்குறாருன்னு நெனச்சு ஆக்கிப் போட்டேன்." இலையை மடித்தாள். "புள்ளைக்குக் கால் இன்னும் வீங்கிப் போச்சு, தம்பி."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவன் முன்னால் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். அன்று அந்த முப்பது வெள்ளியை மறுத்த கை.

மாயாண்டி இடுப்புப் பையை அவிழ்த்தான். ராசா தலை போட்ட ஒற்றை வெள்ளி நோட்டுகளை மழைத் தூறலில் ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி அந்தக் கையில் வைத்தான். முப்பதாவது நோட்டை வைத்த பிறகும் அவள் விரல்களை மடக்கவில்லை; கண் வளைவிலேயே இருந்தது.