ஆனி மாதத்துக் கட்டம்

துறைமுகச் சாலையில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் யாரோ வாழைப்பழத்தைப் பையில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இன்று காலை கதவைத் திறந்ததும் புளித்த வாடை. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு மட்டும் பசித்தது. என்ன ஜென்மமோ நான்.

மாப்பிள்ளையூரணிக்கு அப்பால் இருந்த உடைமரக் காட்டில் ஸ்டெல்லாவும் நானும் இப்படித்தான் பழத்தைக் கருப்பட்டியோடு பிசைந்து, பாட்டிலில் அடைத்துக் கிளையில் கட்டித் தொங்கவிடுவோம். வாடைக்குப் பூவண்டுகள் வரும். ஸ்டெல்லா நாசரேத்து வாத்தியார் மகள், கல்லூரியில் என் வகுப்பு. ஆராய்ச்சி அவளுடையது, எண்ணிக் கொடுக்கிற வேலை எனக்கு. ஐப்பசி மழைக்குப் பிறகு ஆவாரம்பூவில் கறுப்பும் மஞ்சளுமான வண்டுகள் தலையைப் புதைத்துத் தின்றுகொண்டிருக்கும். உடைமரம் பூத்தால் பச்சை வண்டு. பங்குனியில் ஆள் குறையும். வண்டை ஆள் என்றுதான் சொல்வோம்.

தாளில் மாதத்துக்கு ஒரு கட்டம். போய்ப் பார்த்து வண்டு இல்லையென்றால் பூஜ்யம். போகவே இல்லையென்றால் கோடு. ஸ்டெல்லா இதில் கறார்.

ஆனியில் கச்சான் காற்று உப்பளத்துப் புழுதியை வாரி முகத்தில் அடிக்கும். அந்த மாதம் ஸ்டெல்லா ஊருக்குப் போயிருந்தாள். இந்தக் காற்றில் எந்த வண்டு வரப்போகிறது என்று மின்விசிறிக்கு அடியில் படுத்தபடியே பூஜ்யம் போட்டேன். அழகாக, வட்டமாக.

இப்போது அந்தக் காடு இருந்த இடம் கன்டெய்னர் யார்டு. ஸ்டெல்லா மதுரையில் இருக்கிறாள்; பழைய தாள்களை வைத்துக் கட்டுரை எழுதுகிறாள். ஒரு எட்டுப் போய்ப் பார்க்க முடியுமா என்று போன வாரம் போனில் கேட்டாள். இதுவும் ஆனிதான். போனேன். சிமென்ட் தரை, இரும்புப் பெட்டிகள். வேலியோரம்கூட ஒரு செடி இல்லை. வருத்தம் வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. வெயில்தான் சுட்டது. ஒன்றும் இல்லை என்று அங்கிருந்தே போனில் அவளுக்குச் சொன்னேன்.

"அன்னைக்கும் பூஜ்யம், இன்னைக்கும் பூஜ்யம். அப்பம் யார்டு வந்ததால ஆனியில ஒண்ணும் அழியலன்னுதான் எழுதணும்" என்றாள்.

ஒரு லாரிக்கு வழிவிட்டு வேலியோரம் ஒதுங்கினேன்.

"ஏளா, அன்னைக்கு நான் போவவே இல்ல. வீட்ல படுத்துக்கிட்டே எழுதுனேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி. கோடு போட்டுருதேன்" என்றாள்.

ஆனியில் அந்தக் காட்டில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் ஒரு நாள் எழுந்து போயிருந்தால் தெரிந்திருக்கும்.