ரஷ்யாவுக்குத் துட்டி கேட்கப் போனது

பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பேப்பரில் எந்தச் செய்தி வந்தாலும் அது என் தலையில்தான் வந்து விழும் என்று தோன்றும். தொண்ணூற்றொன்று முடிந்து மார்கழி முடியாத ஒரு காலையில், சோவியத் தேசம் கலைந்துபோனதைப் பற்றி டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

காரணம் இருந்தது. வாய்க்கால் கரையில் எங்கள் ஆறு வீடுகளையும் இடிக்க நகராட்சி ஆட்கள் அன்றுதான் வருவதாக இருந்தார்கள். "நான் குறுக்க படுத்துக்கிடுதேன். என்னத் தாண்டி எவன் வாரான்னு பாப்போம்" என்று வாக்குக் கொடுத்திருந்தவர், தெருமுனையில் குடியிருந்த செங்கொடிக் கட்சிக் கிளைச் செயலாளர் அண்ணாச்சி. ரேஷன் கார்டு, போலீஸ் ஸ்டேஷன், புருஷன் பெண்டாட்டிச் சண்டை எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அவர்தான். ரஷ்யாவில் தலைமை ஆபீசையே மூடிவிட்ட பிறகு கிளை ஆபீஸ்காரர் சொல்லுக்கு என்ன மதிப்பு? இன்றைக்குப் படுப்பாரா, மாட்டாரா?

எடுத்த எடுப்பில் கேட்பது முறையில்லை. இழவு நடந்த வீடு மாதிரி; முதலில் துட்டி கேட்டு, துக்கம் விசாரிக்க வேண்டும். எங்கள் பக்கம் சாவு வீட்டில் யாரும் "வாங்க" என்று சொல்லமாட்டார்கள். போனவரும் முதலில் வாய் திறக்கக் கூடாது. தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவர் வாசலில் தலை குனிந்து உட்கார்ந்தேன்.

அண்ணாச்சி வாய்க்காலுக்குக் குளிக்கப் போயிருந்தார். அவர் மனைவி, மதினிதான் வெளியே வந்தார்.

"என்ன தம்பி, இங்கன இப்படி இருக்கிய?"

நான் தலையை இன்னும் குனிந்துகொண்டேன்.

"திசையன்விளையில இருந்து தாக்கல் எதும் வந்திருக்கா? அத்தைக்கு..."

அவருடைய மாமியார் அங்கே சீக்காகக் கிடந்தார். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் என் வீட்டுச் சுவர் கண்முன் வந்துவிட்டது. அழுதுவிட்டேன்.

"ஐயோ அத்தே!" என்று மதினி முடியை அவிழ்த்துப் போட்டு மாரில் அடித்துக்கொண்டார். தெருப் பெண்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். ஈரத் துண்டோடு வந்த அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்ததும் "ஏ அம்மா!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி," என்றேன். "ரஷ்யாவுக்குத்தான்."

அழுகை நின்றது. மதினி முடியை அள்ளி முடிந்தார்.

"அந்தத் தேசத்துக்கா நான் இந்த அடி அடிச்சேன்?"

"ஏலே மூதி!" அண்ணாச்சி கையை ஓங்கினார். அதற்குள், கடப்பாரையோடு நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு நகராட்சி அதிகாரி தெருமுனைக்கு வந்துவிட்டார். நெற்றி நிறைய விபூதி பூசியவர். ஈரத் துண்டையும் அழுத முகங்களையும் பார்த்துச் செருப்பைக் கழற்றினார்.

"எப்போ அண்ணாச்சி?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கடப்பாரைகளைப் பார்த்தார்.

"போன வாரம்."

"வயசு?"

"எழுவத்தி நாலு. பதினேழுல பொறப்பு."

"சீக்கா கெடந்தாவளோ?"

"உள்ளுக்குள்ளயே ரொம்ப நாளா இருந்திருக்கு. நம்மகிட்ட ஒருத்தனும் சொல்லல." அப்போது அவர் குரல் நிஜமாகவே உடைந்தது.

"பதினாறு கழியாம இந்தத் தெருவுல கடப்பாரை போட்டா எனக்கே ஆகாது," என்று அதிகாரி ஆட்களைத் திருப்பிக் கூட்டிப் போனார்.

எங்களுக்கு ஒன்பது நாள் கிடைத்தது. அண்ணாச்சி தினமும் ஆறு வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு நடந்தார். நான்தான் தினமும் தூங்கவில்லை.

பதினாறாம் நாள் அதிகாரி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் மதினி வடை பாயசத்தோடு சமைத்தார்.

"படம் ஒண்ணும் வைக்கலியா?"

"படத்துக்குள்ள அடங்குத உருவம் இல்ல," என்றார் அண்ணாச்சி.

சாப்பிட்டு முடிந்ததும், நடையாய் நடந்து வாங்கிய கலெக்டர் ஆபீஸ் கடிதத்தை அண்ணாச்சி அதிகாரியிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டு, "அடுத்த உத்தரவு வரும்வரை இடிக்கக் கூடாதாம்," என்றார். ஒரு ஏப்பம் விட்டார். எனக்கென்னவோ அவருக்கும் அது நிம்மதியாக இருந்த மாதிரிதான் பட்டது. தெருவே சிரித்தது.

நான் மட்டும் அண்ணாச்சி பக்கத்தில் போய்ப் பைய கேட்டேன்.

"அடுத்த உத்தரவு எப்ப வரும் அண்ணாச்சி?"

"மொதல்ல பாயசத்தக் குடிலே," என்றார்.