தாலாட்டுக்குள் வந்த தலைவர் பெயர்

இதை எழுத நான்கு வருடங்களாகக் கை வரவில்லை.

மலாக்காவில் தேர்தல் வந்தபோது, கோயிலில் நான் பாடும் மாரியம்மன் தாலாட்டு மெட்டிலேயே கட்சிக்காரர்கள் எங்கள் தலைவருக்குப் பாட்டு கட்டினார்கள். அம்மன் பெயர் வருமிடத்தில் அவர் பெயர். லாரியில் நின்று எங்கள் பாச்சாங் வட்டாரம் முழுக்க நான்தான் பாடினேன். கைதட்டல் பிடித்திருந்தது.

தேர்தல் முடிந்த கையோடு என் அக்கா புற்றுநோயில் படுத்துவிட்டாள். கடைசி நாளன்று, "ஆத்தா பாட்டப் பாடுடி, கேட்டுக்கிட்டே போறேன்" என்றாள். கண்ணை மூடிப் பாடினேன். வாயில் தலைவர் பெயர் வந்தது.

"இனிமே எனக்கு ஏதுடி ஓட்டு?" என்று அக்கா லேசாகச் சிரித்தாள். நான் பதறி மறுபடி தொடங்குவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

இன்றும் விளக்கேற்றிப் பாட வாய் திறந்தால் அந்தப் பெயர்தான் முன்னால் வந்து நிற்கிறது. பாடாமலே கும்பிடுகிறேன்.

இதை யாரிடமாவது சொன்னால், அம்மன் மன்னித்துவிட்டாள் என்று நீங்களாகச் சேர்க்காதீர்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.