பிலோமினா கையிலிருந்து அம்மா கைக்கு ஏறிய முத்திரை

பிலோமினா போய்விட்டாள். காலையில் அவள் மருமகள் போன் பண்ணினாள்... தூக்கத்திலேயேயாம்.

அந்த ஈஸ்டர் அன்று கோயில் கேட்டில் இருந்த பெரியவர்களில் இனி இரண்டு பேர்தான் பாக்கி. ஒருத்தி நான். எல்லார் பெயரையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கேட்டை மறித்து நின்றவர் ஞானப்பிரகாசம் உபதேசியார், சாமியாருக்கு அடுத்தபடி கோயில் காரியம் பார்ப்பவர். அவருக்குப் பின்னால் அவர் சம்சாரம் ரோசம்மா. கை கழுவ வைத்திருந்த சுடுதண்ணீர்ப் பானை பக்கத்தில் நர்ஸ் ஸ்டெல்லா. வெளியே என் அம்மா சவரியம்மாள், அவளோடு பிலோமினா. கேட்டுக்கு உள்ளே நான், இடுப்பில் என் மூத்தவன்.

எழுபதுகளில் காலரா வந்த வருஷம் அது. எங்கள் ஊர் மல்லசமுத்திரம் பக்கம்.

பங்குச் சாமியார் நல்லதுக்குத்தான் எல்லாம் செய்தார். தீர்த்தத் தொட்டியைக் காய வைத்தார். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையைத் தொட்டு முத்தி செய்ய விடவில்லை, தூர நின்று கும்பிடச் சொன்னார். பூசை வெளி மைதானத்தில். தள்ளித் தள்ளி நிற்கச் சுண்ணாம்புக் கோடு.

காலரா ஊசி போட்டவர்களுக்குத்தான் உள்ளே இடம். போட்டதும் மணிக்கட்டில் பங்கு முத்திரையை நர்ஸே குத்துவாள். ஊதா மை. சாயங்காலம் ஆனால் முத்திரைக் கட்டை உபதேசியார் வீட்டுக்குப் போய்விடும்.

அம்மா முதல் நாளே போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். "மெதுவாப் போடு சாமி" என்றாள். "கண்ண மூடிக்கங்கம்மா, ஈஸ்டருக்கு நீங்கதான் முன்னால நிக்கோணும்" என்று ஸ்டெல்லா சிரித்தாள். அம்மா இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள்.

ஆனால் அவளுக்கு ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் வேலை. மரவள்ளிக்கிழங்கு கழுவுகிற தொட்டியில் நாள் முழுக்கக் கை. பத்து நாளில் மை எங்கே நிற்கும்...

"முத்திர எங்க?" என்றார் உபதேசியார்.

"தண்ணியில போயிருச்சுங்க. ஊசி போட்டதுங்க. காய்ச்சகூட வந்துச்சுங்க."

"காய்ச்சலா? அப்ப கிட்டயே வராத."

பிலோமினாவும் அதே மில்தான். ஆனால் அவள் முந்தின நாள்தான் ஊசி போட்டிருந்தாள், மை பளிச்சென்று இருந்தது. அம்மாவைப் புளியமரத்துக்குப் பின்னால் கூட்டிப் போனாள். தன் மணிக்கட்டை நாக்கால் நனைத்து, அம்மா மணிக்கட்டில் வைத்து அழுத்தினாள். உள்ளே இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் இருந்த சிலுவை சரியாக விழுந்தது. சுற்றி இருந்த எழுத்து திரும்பி விழுந்தது. இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது.

உபதேசியாருக்குத் தெரியும். அம்மா கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "பாருங்க, கள்ள முத்திர. கோயில் வாசல்லயே திருட்டுத்தனம்."

அம்மா கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை.

பிலோமினா பானைப் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க ஸ்டெல்லாக்கா, நீங்கதானுங்களே இவங்களுக்குப் போட்டீங்க. ஒரு வார்த்த சொல்லுங்க."

ஸ்டெல்லா பானையைப் பார்த்தாள். "எத்தன பேருக்குப் போட்டேன்... யாரு எவருன்னு ஞாபகம் இல்லீங்க."

"நான் பக்கத்துலயே இருந்தனுங்க" என்றேன். "மக சொன்னா சாட்சியாயிருமா?" என்றார் உபதேசியார்.

பிலோமினா விடவில்லை. "செரிங்க. உங்க ஊட்டம்மா கையிலயும் முத்திர இருக்குதுங்களே. ஊசி எந்தக் கையிலங்க போட்டாங்க?"

ரோசம்மா முந்தானையை இழுத்து இரண்டு கையையும் மூடிக்கொண்டாள். ஊசியைக் கண்டால் அவள் ஊரை விட்டே ஓடுவாள் என்பது எல்லாருக்கும் தெரியும். போடாத ஊசிக்கு அவள் பெயரை நோட்டில் எழுதினவள் ஸ்டெல்லா. அம்மாவுக்காக வாயைத் திறந்திருந்தால் அந்த நோட்டை எடுக்கச் சொல்லியிருப்பார்கள், அதுவும் வெளியே வந்திருக்கும்.

பூசை மணி அடித்தது. "நீ போ கண்ணு. ரெண்டு பேரும் நற்கருணையப் பாக்கி வெச்சா எப்படி" என்றாள் அம்மா பிலோமினாவிடம்.

பிலோமினா கையில் நல்ல முத்திரை. உடம்பில் நல்ல ஊசி. ஆனாலும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அன்றைக்கு நான் நற்கருணை வாங்கினேன். பிலோமினா வாங்கவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

அதற்குப் பிறகு அம்மா கோயில் வாசலை மிதிக்கவில்லை. ஆடியில் செத்துப்போனாள். காலரா இல்லை, நெஞ்சுவலி.

ஈஸ்டரை ஒட்டிய பாஸ்கா காலத்தில் நற்கருணை வாங்காதவளுக்குச் சாவு மணி கிடையாது என்றார் உபதேசியார். சாமியார் சேலம் போயிருந்தார். கேட்க ஆள் இல்லை.

பிலோமினா நேராகப் போய் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். ஊரே கேட்டது. உள்ளங்கைத் தோல் உரிகிற வரைக்கும் இழுத்தாள்.

"பொம்பள தொடக் கூடாது" என்று ஓடி வந்தாராம் அவர்.

"தொட்டுட்டனுங்க. வேணும்னா காய்ச்சின தண்ணி ஊத்திக் கழுவிக்கங்க."

அது பிலோமினா.

கொரோனாவில் இங்கே கோயில் கேட்டில் டோக்கன் கொடுத்தார்கள், நெற்றியில் மிஷின் வைத்துப் பார்த்தார்கள். அன்றைக்குப் போன் பண்ணினாள். "ஏம்புள்ள, முத்திர கேக்கறாங்களா? கேட்டாச் சொல்லு, கையக் கொண்டாரேன்." இருவரும் சிரித்தோம்.

உபதேசியார் கடைசிக் காலத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தப்பாப் போச்சும்மா" என்றார். மோர் கொடுத்தேன், குடித்தார். அது அதோடு சரி. ரோசம்மா பயந்தாங்கொள்ளி, அவளையும் விட்டுவிட்டேன்.

இன்றைக்கு நாலு மணிக்கு அடக்கம். பிலோமினாவுக்கு மணி அடிப்பார்கள். நான் போய் நின்று கேட்பேன்.

போய்ட்டு வா புள்ள. அங்கே கேட்டில் யாராவது மறித்தால் நிற்காதே.

பாக்கி இருக்கிற இன்னொருத்தி சேலத்தில் மகன் வீட்டில் இருக்கிறாள். கண்தான் மங்கலாம், ஞாபகம் கெட்டியாக இருக்கிறதாம். இந்தப் போஸ்டை யாராவது படித்துக் காட்டுங்கள்.

நர்ஸ் ஸ்டெல்லா... உன்னை நான் மன்னிக்க மாட்டேன்.