தொதல் ஒட்டிய பக்கம்

பிள்ளைகளுக்குக் கதை எழுதும் எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. யாருடைய கதை வாசிக்கப்படுகிறதோ, அவர் வாயில் ஒரு பெரிய துண்டுத் தொதல் இருக்க வேண்டும். அல்வா மாதிரியான அந்த இனிப்பு பல்லில் ஒட்டினால் இலேசில் வாய் திறக்க முடியாது. இந்தச் சட்டம் என்னால்தான் வந்தது. என் கதையில் யாராவது கை வைத்தால் போதும், "அது ஏனெண்டால்..." என்று விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவேன்.

கூட்டம் என்றால் மூன்றே பேர். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் நான். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும், நான் தங்கை என்று கூப்பிடும் ஒருத்தி; துறைமுக அலுவலகத்தில் வேலை, ஆசை முழுக்கப் படம் வரைவதில். மருதானையில் கொப்பி, பென்சில் கடை வைத்திருக்கும், நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன். பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதுவார், தொதலும் அவர் வீட்டில் கிண்டியதுதான். சனிக்கிழமை பின்னேரங்களில் வெள்ளவத்தையில் என் வீட்டில் கூடுவோம். ரயில் போகும்போது வாசிப்பு நிற்கும், போனதும் தொடரும்.

என் கதை ஒரு குடையைப் பற்றியது. கடலோர ஸ்டேஷனில் ஒரு சிறுமியின் கையிலிருந்து காற்று அதைப் பறித்துக்கொண்டு போகிறது. முதல் தரம் வாசித்தபோது கடல் நீலம், குடை சிவப்பு என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன்.

"எனக்கு வரைய ஒண்ணுமே மிச்சம் வைக்கலையே, டீச்சர்!" என்று தங்கை தலையில் கை வைத்தாள்.

பாதிச் சொற்களை வெட்டினேன். வெட்ட வெட்டக் கதை ஓடத் தொடங்கியது. வகுப்பில் நிற்கும்போதுகூட என் மனம் அந்தக் குடைக்குப் பின்னாலேயே போனது. தங்கை பென்சிலால் படம் போட, தாள்களை மடித்துத் தைத்து ஒரு மாதிரிப் புத்தகம் செய்தோம். அதைப் பம்பலப்பிட்டியில் ஒரு பதிப்பகத்துக்குக் கொண்டு போனேன்.

அங்கே இருந்த எடிட்டர் மிஸ் எல்லாவற்றையும் ரசித்துவிட்டு, கடைசிக்கு முன்னால் எதிரெதிரே இருந்த இரண்டு பக்கங்களில் மட்டும் பென்சிலால் எழுதினார்: "இது பிள்ளைக்கா, உங்களுக்கா?" அந்தப் பக்கங்களில் அம்மா வந்து, குடை ஒரு நாய்க்கு உதவப் போயிருக்கிறது, நாமும் பிறருக்கு உதவ வேண்டும் என்று மகளுக்குச் சொல்கிறாள். இன்னொரு தரம் திருத்திக்கொண்டு வரட்டாம், அதோடு முடிவு சொல்வாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்திமதி சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதைப் போய் வெட்டச் சொல்கிறாரே! ஆனால் அந்தப் புத்தகத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும் ஆசை கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை தங்கையும் நானாவும் என் பக்கம் நிற்பார்கள் என்று நம்பி, ஒன்றையும் மாற்றாமல் புத்தகத்தை மேசையில் வைத்தேன். தொதலை வாயில் போட்ட கையோடு என் அருமைப் பக்கங்களை ஒருதரம் விரித்துத் தடவிவிட்டு மூடினேன். நானா வாங்கி வாசித்தார். காற்று அடித்தது, குடை பறந்தது. சிறுமி மழையில் நின்று கேட்டாள்: "இனி என் குடை வராதா?"

நானா தாளைப் புரட்டினார். வந்தது கடைசிப் பக்கம்.

"வராது. குடைக்கு இப்போது வேலை இருக்கிறது."

படத்தில், பாறையோரம் குடைக்குக் கீழே ஒரு நாயும் குட்டிகளும் சுருண்டு கிடந்தன. அவ்வளவுதான், கதை முடிந்துவிட்டது. என் தொதல் கை பட்டு, அம்மா பேசும் இரண்டு பக்கங்களும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. "ம்ம்! ம்ம்!" என்று கையை ஆட்டினேன். தொதல் விட்டால்தானே!

தங்கை கதிரையிலிருந்து எழும்பியேவிட்டாள். "டீச்சர், அந்தப் பக்கத்த எடுத்துட்டீங்களா? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது!"

நானா திரும்பவும் புரட்டிப் பார்த்தார். "நாய்ன்டு ஒரு சொல் இல்ல. ஆனா எல்லாம் வெளங்குது, பாருங்க."

நான் கையை இறக்கினேன். சிறுமியின் கேள்விக்கும் அந்தக் குட்டிகளுக்கும் நடுவில் இவ்வளவு நாளும் நான்தான் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.  எனக்கு வந்தது கோபம் என்று முதலில் நினைத்தேன், இல்லை, சந்தோஷம்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் பிடித்துப் பம்பலப்பிட்டிக்கு ஓடினேன். பக்கங்களைப் பிரிக்கவுமில்லை, வெட்டவுமில்லை. எடிட்டர் மிஸ் நின்றபடியே வாசித்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் கதிரையை இழுத்து இருந்துகொண்டு, திரும்ப முதலிலிருந்து வாசித்தார்.

"இதச் செய்வம்," என்றார்.

அந்த இடத்திலேயே துள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு. அதற்குள் அவருடைய விரல் அந்தத் தடித்த தாளில் போய் நின்றது.

"இதுக்குள்ள ஏதோ ஒட்டியிருக்குப் போல?" என்று நகத்தால் கிளப்பப் பார்த்தார்.

"விடுங்கோ மிஸ்," என்றேன். "அது எனக்கு."