அடி பருத்த டப்பாக்கள்

தையல்காரம்மா இந்த உலகத்தில் எதையும் குப்பை என்று ஒப்புக்கொண்டவரல்லர். வெட்டி விழுந்த துண்டுத் துணிகளுக்கே தலையணைக்குள் உத்தியோகம் கொடுத்தவர், காலி டப்பாவைத் தெருவில் விட்டுவிடுவாரா? கட்டிலுக்கடியில் பால் பவுடர் டப்பாவும் பெயிண்ட் டப்பாவும் கூடி மாநாடு நடத்தின.

கொழுந்தன் கார் வாங்கியதும் ஆபத்து வந்தது.

"பின்னாடி இடம் சும்மாதானே கிடக்கு? தம்பி காரை நிறுத்திக்கட்டும்," என்றார் கணவர். அவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பவர். முள் அசையாத எதையும் நம்பமாட்டார்.

"சும்மாவா? அங்க செடி வச்சிருக்கேங்க."

"பொழுது சாஞ்சா நீயே அந்தப் பக்கம் போறதில்ல. ஒரே கும்மிருட்டு."

"வெளிச்சம் போட்டு, நாலு பேர் உக்காருற மாதிரி பண்ணிட்டா?"

"பண்ணு, பார்க்கலாம். ஞாயித்துக்கிழமை அவன் காரோட வர்றான். வயர் மட்டும் இழுக்கக் கூடாது."

நாள் முழுக்க ஊரார் இடுப்பை அளந்து, 'அக்கா, அவசரம்' என்பதைக் கேட்டே காது புளித்தவருக்கு, எதையும் தைக்கச் சொல்லாத ஒரே இடம் அந்தக் கொல்லை. அது போனால் இனி டயரைப் பார்த்தபடிதான் டீ குடிக்க வேண்டும்.

டப்பாவில் பூப்பூவாகத் துளையிட்டு, உள்ளே மெழுகுவர்த்தி வைத்து விளக்காக்க ஆணியும் சுத்தியலும் எடுத்தார். முதல் அடியிலேயே டப்பா நசுங்கிப் போனது. துணி என்றால் அடியில் கை கொடுக்கலாம். இங்கே கை கொடுத்தால் ஆணி கையில் இறங்கும். ஆகவே, தண்ணீரைக் கை கொடுக்கச் சொன்னார். டப்பா நிறைய ஊற்றி, ஃப்ரீசரில் உறையவைத்தார்.

"என்னம்மா இது? ஐஸ் எடுக்கப் போனா பெயிண்ட் டப்பா இருக்கு. நம்ம வீட்டுல யாரு பெயிண்ட் சாப்பிடறா?"

"மூடுங்க, குளிர் போயிடும்."

உறைந்த டப்பாமேல் பூ வரைந்த மாதிரிக் காகிதத்தை ஒட்டி, புள்ளி புள்ளியாக ஆணி அடித்தார். கொடி ஓடியது, இலை விரிந்தது, கவுன்களின் கழுத்தில் போடும் பூக்களெல்லாம் தகரத்துக்குக் குடிபெயர்ந்தன. தகரத்தில் ஒரு நசுங்கல்கூட இல்லை.

ஞாயிறு மாலை பனிக்கட்டியைக் கொட்டிவிட்டுத் தரையில் வைத்தபோதுதான் தெரிந்தது: ஒன்றும் நிற்கவில்லை. துணியில் எப்போதும் இரண்டு விரல் கூடுதலாக விட்டு வெட்டுகிற மகராசி, தண்ணீருக்கு அரை விரல் இடம்கூட விடவில்லை. உறைந்த தண்ணீர் உப்பி, டப்பாக்களின் அடிப்பக்கமெல்லாம் தொந்தி போட்டிருந்தது. தொட்டால் ஆடின, தொடாவிட்டாலும் ஆடின.

"ஊத்திக்கிட்டு வந்த மாதிரி நிக்குதுங்களே!" என்று கணவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

சிரிப்பைக் காதில் வாங்காமல், இருட்டியதும் ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு மெழுகுவர்த்தித் துண்டை ஒட்டிக் கொளுத்தினார் தையல்காரம்மா. வாசலில் ஹாரன் கேட்டது. அடுத்த நிமிடம் இரண்டு முகப்பு விளக்குகள் கொல்லைக்குள் புகுந்து, சுவரில் விழுந்த ஒளிப் பூவையும் கொடியையும் ஒரே வாயில் விழுங்கின.

"அண்ணி, கொஞ்சம் தள்ளி வையுங்க! வண்டி ஏறிடப் போகுது!" என்று கத்தியபடி கொழுந்தன் விளக்கை அணைத்து இறங்கினான்.

அப்போது காற்று வீசியது. டப்பாக்கள் தொந்தியை ஊன்றி மெல்ல அசைந்தன. சுவரிலிருந்த கொடி தளிர்விட்டதுபோல் நெளிந்து மேலேறியது. இலைகள் இடம் மாறின. பூக்கள் வெள்ளைக் காரின்மேல் ஊர்ந்து, கண்ணாடியில் வழுக்கி, கணவரின் சட்டையில் பூத்து, மறுபடி சுவருக்கு ஓடின. ஆடாமல் நிற்கிற டப்பா என்றால் படம் மட்டும் காட்டியிருக்கும். இவை ஒரு தோட்டத்தையே மூச்சுவிட வைத்தன. செய்த கைக்கே இது தன் வேலைதானா என்று சந்தேகம் வந்தது.

"வயர் இல்லையேம்மா?" என்றார் கணவர், கோயிலுக்குள் பேசுகிற குரலில். முன்னங்கையில் ஊர்ந்த இலையைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டார்.

கொழுந்தன் காரைப் பார்த்தான். அது பாதிச் சுவரை மறைத்துக்கொண்டிருந்தது. ஓசைப்படாமல் ஏறி உட்கார்ந்து, விளக்கைப் போடாமலே பின்னால் எடுத்து, தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான்.

"அண்ணி, எங்க உக்காரட்டும்?"